விஸாப் படலம்

காஞ்சீபுரத்தில் குமரகோட்டம் என்று ஒரு கோயில் இருக்கிறது. அக்கோயிலின் அர்ச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியதும், அதை அங்கேயே அரங்கேற்றியதும் நம் ஊரார் அனைவரும் அறிந்த விஷயம். நூலின் முதல் அடியை முருகப் பெருமானே எடுத்துக் கொடுத்தார் என்பது ஐதிகம். அப்படியிருந்தும், அரங்கேற்றத்தன்று சபையில் இருந்த புலவர் ஒருவர் எழுந்து, முதற் பாட்டின் முதற் சொற்புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கே என்று கேட்டுவிட்டாராம். "இது சுவாமி கொடுத்த சொல்" என்று சிவாசாரியார் சொன்னது செல்லவில்லை. விதியைக் காட்டினாலொழிய மேலே கேட்பதற்கில்லை என்று சபை சொல்லிவிட்டது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலுடன் வந்து, அதிலுள்ள விதியை எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே அரங்கேற்றம் நடந்தது. அப்படிப் புலவராய் வந்தவரும் முருகனே என்பார்கள்.

இந்தக் கதையை நாம் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருள் நமக்கு நன்றாக விளங்கியது, நம்மிடம் படித்த பிள்ளைகள் ஐரோப்பா போவதற்கு விஸா மனுச் செய்யத் தொடங்கிய பிறகுதான். வாக்களித்தவர் கடவுளேயானாலும், அத்தாட்சி கேட்கிற சபையில் அத்தாட்சியைக் காட்டித்தான் ஆகவேண்டும். காட்டுகிற அத்தாட்சி மெய்யானதாகவும் இருக்கவேண்டும்.

இரண்டாவது சொன்னோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திண்ணைக்கு வந்த கடுதாசி

2023-ம் வருஷம் கோடை விடுமுறையில், பிள்ளையார்பாளையத்திலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் நம்மைத் தேடி வந்தான். தகப்பனார் பட்டு நெசவாளர். பையன் பொறியியல் பட்டம் பெற்றவன். ஜெர்மனியில் ஜவுளித் துறை மேற்படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. விஸா மனுவுடன் வைக்க வேண்டிய கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வந்திருந்தான். அதைத் திருத்திக் கொடுக்கும்படி கேட்டான்.

கடிதத்தைத் திருத்துகையில், அதனுடன் இருந்த வேறொரு காகிதம் நம் கண்ணில் பட்டது. பையன் பட்டம் பெற்றபின் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் தர சோதனை உத்தியோகம் பார்த்ததாக அது சொல்லிற்று. ஆனால் அந்த இரண்டு வருஷமும் அவன் வீட்டிலே தகப்பனாருக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்திருந்தான் என்பது நமக்குத் தெரியும்.

"இது என்ன, தம்பி?" என்றோம்.

"ஏஜெண்டு கொடுத்தது ஐயா. படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்தா விஸா கொடுக்க மாட்டாங்களாம். எல்லாரும் இப்படித்தான் வைக்கிறாங்களாம்" என்றான்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த நான்கு இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து அனுப்பினோம். இருபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் சொல்லி வரும் நாம், அன்று நம் திண்ணையில் மௌனமாக இருந்துவிட்டோம். அதன் பலனைச் சொல்லுமுன், இந்த விஸா என்பது என்ன, அதற்கு எத்தனை வாசல்கள் என்பதை வாசகர்களுக்கு விளக்கிவிடுவது நல்லது.

விஸா இல்லாத காலம்

1892-ம் வருஷம் அக்டோபர் மாதம், காஞ்சீபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தார்கள். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவன் வளர்ந்து வந்தான். பாட்டனாருக்கு இவ்வூர்க் கோர்ட்டில் இருந்த உத்தியோகம் போனதும், தாயுடன் கும்பகோணம் திரும்பிவிட்டான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை ராமானுஜன்.

அவர் 1914-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி சென்னையில் 'நெவாஸா' என்னும் கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கடல் கடக்கலாமா என்ற ஆசாரத் தடையையும், தாயாரின் சம்மதத்தையும் பற்றித்தான் அவருக்குக் கவலையாக இருந்தது. இக்காலத்து விஸா என்பது அன்று இல்லை. ஆயினும் ஒரு கேள்வி மாத்திரம் அன்றும் இருந்தது: போகிற இடத்தில் இவருக்குச் செலவுக்கு யார் கொடுப்பது? சென்னைச் சர்வகலாசாலை அதற்கு விடை சொல்லிற்று. வருஷத்துக்கு 250 பவுன் வீதம் இரண்டு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் குடும்பத்துக்குப் போகும்படி ராமானுஜன் ஏற்பாடு செய்துவிட்டே கப்பல் ஏறினார்.

அதே வருஷம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. எல்லைகளில் காவல் வந்தது. காவலோடு பாஸ்போர்ட்டும் வந்தது. இந்தியாவில் 1920-ம் வருஷம் பாஸ்போர்ட் சட்டம் செய்தார்கள். அன்னிய ஆட்சியில் அது ஆள்பவர்கள் மனம்வைத்துக் கொடுக்கும் பொருளாக இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் சில காலம் அந்த மனப்பான்மை சர்க்காரை விடவில்லை. 1967-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கிய உரிமை என்று தீர்ப்புச் சொன்னபின், அவ்வருஷமே புதிய பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

ஆகையால் பாஸ்போர்ட் நம் உரிமை. ஆனால் விஸா அப்படியன்று. பாஸ்போர்ட் என்பது "இவர் எங்கள் மனிதர்" என்று நம் தேசம் கொடுக்கிற வாக்கு. விஸா என்பது "இவர் வரலாம்" என்று மற்றொரு தேசம் கொடுக்கிற சம்மதம். நம் வீட்டுக்கு வருகிறவரை 'யார், எங்கே வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள்?' என்று நாம் கேட்பதில்லையா? அந்தக் கேள்விகள்தாம் இங்கே நமூனாக்களாகவும் ரசீதுகளாகவும் நிற்கின்றன. முன்பு ராமானுஜனுக்காகச் சர்வகலாசாலை விடை சொன்ன கேள்வியும் அவற்றுள் ஒன்று.

ஏன் ஜெர்மனி?

நம் ஜில்லாவில் ஒரகடத்திலே ஜெர்மன் கம்பெனியாகிய டைம்லர் 2012-ம் வருஷம் முதல் லாரி செய்து வருகிறது. சுற்றுவட்டாரத்துப் பொறியியல் பிள்ளைகளுக்கு ஜெர்மனி என்ற பெயர் புதிதன்று. அந்நாட்டுச் சர்க்கார் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவற்றில் போதனைச் சம்பளமே கிடையாது என்ற செய்தியும் பரவிவிட்டது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாகாணம் வெளிநாட்டு மாணவர்களிடம் அரைவருஷப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வேறு சில கலாசாலைகளும் வசூலிக்கத் தொடங்கியிருக்கின்றன. மற்ற இடங்களில் பருவக் கட்டணம் என்ற சிறு தொகைதான்.

2022-ம் வருஷம் டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2024-ம் வருஷம் அக்டோபரில், இந்தியத் தொழில் நிபுணர்களுக்கு அளிக்கும் விஸாக்களை வருஷத்துக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 வரை உயர்த்தப்போவதாக ஜெர்மன் சர்க்கார் அறிவித்தது. 2023-24 பனிப்பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர் ஏறக்குறைய 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களுள் இவர்களே பெருங்கூட்டம்.

இவ்வளவு பேர் நுழையும் கோட்டைக்கு வாசல்கள் மூன்று: பார்த்துவரப் போகிறவர் வாசல், படிக்கப் போகிறவர் வாசல், வேலைக்குப் போகிறவர் வாசல். ஒரு வாசலில் நுழைந்து மற்றொன்றின் காரியத்தைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து பத்தடி விலகி நிற்பது உத்தமம்.

பார்த்துவரப் போகிறவர்

மகனையோ மகளையோ பேரக் குழந்தையையோ பார்க்கப் போகும் பெற்றோர்களே இந்த வாசலில் அதிகம். இதற்கு ஷெங்கன் விஸா என்று பெயர். ஷெங்கன் என்பது லக்ஸெம்பர்க் நாட்டிலுள்ள ஒரு சிறு கிராமம். 1985-ம் வருஷம் ஐந்து நாடுகள் அங்கே கூடித் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை எடுத்துவிடுவதென்று கையெழுத்திட்டன. இன்று 29 நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரே விஸாவில் அத்தனை நாடுகளுக்கும் போய் வரலாம்.

இதிலுள்ள முக்கிய விதி, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது. ஏப்ரல் முதல் தேதி போய் இறங்கிய தம்பதிகள் ஜூன் 29-ந் தேதி புறப்பட்டுவிட்டால் 90 நாள் கணக்குச் சரியாகிவிடும். போன நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும். அதன்பின் செப்டம்பர் 28-ந் தேதிக்கு முன் அவர்கள் மறுபடி நுழைய இயலாது. இடையில் பிரான்ஸுக்குப் போய் வந்தால் கணக்குப் புதிதாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 29 நாடுகளுக்கும் கணக்கு ஒன்றே.

பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாயிருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லவேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் அவசியம். பெரியவர்களுக்கு விஸாக் கட்டணம் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் 90 யூரோ. 6 வயது நிறைந்து 12 ஆகாத குழந்தைகளுக்கு 45. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுக் கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாளில் ஓடுவது ஆபத்து. தீர்ப்புக்குச் சாதாரணமாக 15 நாள். சில சமயம் 45 நாள் வரை ஆகும்.

அங்கே இருக்கும் பிள்ளை, பெற்றோர் செலவுக்குத் தானே பொறுப்பு என்று தன் ஊர் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்து அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். இங்கே வீடு, நிலம், பென்ஷன், மற்றக் குழந்தைகள் என்று திரும்பி வருவதற்குள்ள காரணங்களையும் காட்டவேண்டும். 'இவர் திரும்புவாரா?' என்பதே இந்த வாசலின் தலையாய கேள்வி. ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியவர்களுக்குப் பலனும் உண்டு. மூன்று வருஷத்துக்குள் இரண்டு விஸாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர், பலமுறை போய்வர உதவும் இரண்டு வருஷ விஸாப் பெறலாம் என்று 2024-ம் வருஷம் ஏப்ரலில் விதி செய்திருக்கிறார்கள்.

படிக்கப் போகிறவர்

நம் ஊர்ப் பிள்ளைகளின் வாசல் இதுவே. இடம் கிடைத்ததற்குக் கலாசாலையின் கடிதம் முதலில் வேண்டும். அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்தியாவில் பெற்ற மதிப்பெண் பட்டியல்களும் பட்டங்களும் மெய்யானவைதாமா என்று சோதித்துக் கொடுக்கும் அத்தாட்சி இது. 2022-ம் வருஷம் நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். இதற்குக் கட்டணம் ரூ. 18,000.

மூன்றாவதுதான் குடும்பங்களைத் தூங்கவொட்டாமல் அடிப்பது: பூட்டுக் கணக்கு. மாணவனின் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் கட்டிவிட வேண்டும். 2024-ம் வருஷம் செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என்று ஆயிற்று. நம் நாணயத்தில் ரூ. 12 லட்சத்தை ஒட்டிய தொகை. இது யாருக்கும் கட்டணமாகப் போய்விடுவதில்லை. மாணவன் அங்கே சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதம் அவனுக்கே கிடைக்கும். விஸா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால் பணம் மெய்யாக இருக்கவேண்டும். இரண்டு நாளைக்குக் கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டி எடுத்துவிடும் தந்திரம் இங்கே செல்லாது.

விஸாக் கட்டணம் 75 யூரோ. 2025-ம் வருஷ ஆரம்பம் முதல் ஜெர்மன் வெளிநாட்டிலாகாவின் இணைய வாசலிலேயே மனுவையும் தஸ்தாவேஜுகளையும் சமர்ப்பிக்கலாம். பிறகு குறித்த நாளில் நேரில் சென்று கைரேகை கொடுக்க வேண்டும். காகிதங்களைப் பெற்றுக்கொள்ளும் நிலையம் வேறு. தீர்ப்புச் சொல்வது ஜெர்மன் தூதரகமே. ஆகவே "நிலையத்தில் எனக்கு ஆள் தெரியும்" என்பவர் பேச்சில் சாரம் இல்லை.

படிக்கும்போது வருஷத்தில் 140 முழு நாட்கள் வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு. 'அந்தச் சம்பளத்திலேயே கடனை அடைத்துவிடலாம்' என்று கணக்குப் போடுவது விவேகமாகாது. புதிய தேசம், புதிய பாஷை, பனிக்காலம், பரீட்சை எல்லாம் இருக்கின்றன. பட்டம் பெற்றபின் தகுந்த உத்தியோகம் தேட 18 மாதம் அங்கே தங்கலாம்.

வேலைக்குப் போகிறவர்

இந்த வாசலில் இரண்டு பொருள்கள் முக்கியம்: ஜெர்மன் முதலாளி கொடுத்த வேலைப் பத்திரம், நம் படிப்பை அந்நாடு ஒப்புக்கொள்ளும் அத்தாட்சி. எந்த இந்தியச் சர்வகலாசாலையின் பட்டம் அங்கே செல்லும் என்பதை 'அனாபின்' என்ற அரசாங்க அட்டவணையில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பது, கோயில் வாசலில் நின்றுகொண்டு கோபுரத்தைக் காட்டச் சொல்லிக் கூலி கொடுப்பது போலாகும்.

பட்டதாரிகளுக்கு 'நீல அட்டை' என்று ஒன்று இருக்கிறது. 2025-ம் வருஷத்துக்கு அதற்குரிய குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கு இதனினும் குறைவு. வருஷந்தோறும் இத்தொகை மாறும். வேலை கையில் இல்லாதவர்களுக்கு 2024-ம் வருஷம் ஜூன் முதல் 'வாய்ப்பு அட்டை' வந்திருக்கிறது. படிப்பு, அனுபவம், பாஷை, வயது முதலியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, ஆறு புள்ளி பெற்றவர்களை ஒரு வருஷம் வரை அங்கேயே தங்கி வேலை தேட அனுமதிக்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். ஆனால் தங்குவதற்குரிய பணம் இங்கிருந்தே காட்டவேண்டும்.

நர்ஸுகளுக்கு அங்கே நல்ல வரவேற்பு. பாஷை தெரியாமல் மாத்திரம் போகமுடியாது. நோயாளி 'நெஞ்சு வலிக்கிறது' என்று ஜெர்மன் மொழியில் சொன்னால் நர்ஸுக்கு விளங்கவேண்டும் அல்லவா? சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்றுக்கொடுக்கிறார்கள். 1978-ம் வருஷம் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. தனியார் ஏஜெண்டு மூலமாய்ப் போகிறவர்கள், அவர் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தாமா என்று முதலில் பார்க்கவேண்டும். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலி ரூ. 30,000-மும் அதன்மேல் வரியுந்தான். லட்சக் கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார் என்று தெரிந்துகொள்க.

மறுப்பும் மறு மனுவும்

இனி நம் மாணவனிடம் திரும்புவோம். தாயாரின் நகைகளை வைத்தும் பாங்கியில் படிப்புக் கடன் வாங்கியும் பூட்டுக் கணக்குக்குப் பணம் கட்டினார்கள். ஏஜெண்டுக்கும் பெருந்தொகை போயிற்று. ஆவணி மாதத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விஸா இல்லை. அனுபவச் சான்றிதழை மெய்யென்று ஏற்பதற்கில்லை என்று மறுப்புக் கடிதம் சொல்லிற்று. அந்தச் சான்றிதழிலிருந்த விலாசத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்பது பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. ஏஜெண்டின் தொலைபேசியோ அன்று முதல் எடுக்கப்படவில்லை.

இதில் பரிதாபம் என்னவென்றால், பையனுடைய மற்றக் காகிதங்கள் எல்லாம் மெய்யானவை. மதிப்பெண் மெய், இடம் கிடைத்தது மெய், கட்டிய பணம் மெய். ஒரு பொய் வந்து சேர்ந்ததும் அத்தனை மெய்யும் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டன.

செய்தி கேட்டு நாம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தாயார் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தகப்பனார் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அந்தச் சான்றிதழைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது.

"வாத்தியாரய்யா, தறியிலே பாவு இழை அறுந்தா நாங்க முடிச்சுப் போட்டு மேலே நெய்வோம். முடிச்சு இருக்கிறதிலே தப்பு இல்லே. அறுந்ததே இல்லேன்னு மறைச்சு நெய்தா, புடவை வாங்குறவர் கண்ணிலே முதல்லே அதுதான் படும். இவன் என்கூட ரெண்டு வருஷம் நெய்தான். அதைச் சொல்ல இவனுக்கு ஏன் வெட்கம்?" என்றார்.

நமக்குத் தலை குனிந்தது. அந்த வெட்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. வகுப்பிலே நாமும் எத்தனை தடவை, "படிக்காவிட்டால் தறியில்தான் உட்காரவேண்டும்" என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறோம்! அன்று திண்ணையில் மௌனமாயிருந்ததையும் பையனிடத்தில் ஒப்புக்கொண்டோம்.

அடுத்த வருஷம் ஏஜெண்டு இல்லாமல் புது மனு எழுதினான். முன் மனுவில் பொய்யான காகிதம் வைத்ததை முதற் பாராவிலேயே ஒப்புக்கொண்டான். பட்டம் பெற்றபின் இரண்டு வருஷம் தகப்பனாருடன் பட்டுத் தறியில் வேலை செய்ததையும், உடம்பும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்வதில் என்ன கஷ்டம் என்பதையும், ஜக்கார்டு பெட்டிக்குரிய டிசைனைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றதையும் எழுதினான். ஜக்கார்டு என்பவர் பிரான்ஸு தேசத்து லியோன் நகரத்துக்காரர். 1804-ம் வருஷத்தில் அவர் கண்ட யந்திரம் இன்று காஞ்சீபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியின் மேற்கே கிரேஃபெல்ட் என்று ஓர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பட்டு நெசவால் செழித்து, இன்றும் 'மக்மல், பட்டு நகரம்' என்று பெயர் சொல்லிக்கொள்கிறது. பட்டு நகரத்துப் பிள்ளை பட்டு நகரத்துப் பக்கத்திலே ஜவுளிக் கல்வி தேடிப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எந்தக் கம்பெனிச் சான்றிதழ் கொடுக்க முடியும்?

ஒன்பது வாரம் காத்திருந்தார்கள். 2024-ம் வருஷம் புரட்டாசியில் விஸா வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. பொய்க் காகிதம் வைத்தவர்களுக்குக் கதவு நெடுநாள் அடைபட்டுப் போவதும் உண்டு. இவனுக்குத் திறந்தது, அவ்வளவுதான்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

ஷெங்கன் நாடுகள் மனுதாரர் விவரங்களைப் பொதுவான பதிவில் ஐந்து வருஷம் வைத்திருக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் மறுத்ததை இன்னோரிடத்தில் ஒளிக்க முடியாது. 'முன்பு மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிக் காரணமும் சொல்வதே வழி. முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்தின் மறுப்புக்கு அத்தூதரகத்திடமே ஆட்சேப மனுப் போடலாம். 2025-ம் வருஷம் ஜூலை முதல் தேதியோடு அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இனி புது மனுப் போடவேண்டும், அல்லது பெர்லின் கோர்ட்டுக்குப் போகவேண்டும். முதல் மனுவே சுத்தமாக இருக்கவேண்டியது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

கட்டணங்களும் தொகைகளும் அடிக்கடி மாறுகின்றன. மனுச் செய்யும் மாதத்தில் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை நேரே படித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை எழுதும் ஒவ்வொரு காகிதத்தையும் தகப்பனாரும் தாயாரும் பார்க்கவேண்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன? 'இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லு' என்று கேட்டாலே போதும். பெற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத வரி அந்த மனுவில் இருக்கலாகாது.

அனுமதி கொடுக்கும் தேசத்தாருக்கும் நம் ஊர்ச் சரித்திரத்திலே ஒரு பாடம் உண்டு. நாலாம் நூற்றாண்டில் காஞ்சியும் வெளியூர் மாணவர்கள் தேடி வந்த ஊராகத்தான் இருந்தது. மயூரசர்மன் என்ற வாலிபன் தன் ஆசிரியருடன் இங்குள்ள கடிகை என்னும் கல்விச் சாலையில் படிக்க வந்தான். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு உண்டாகி அவமானப்பட்டான். உடனே படிப்பை விட்டு வாளை எடுத்தான். பல்லவருக்குப் பகைவனாகிக் கதம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்தான். தாளகுந்தா கல்வெட்டு இந்த வரலாற்றைச் சொல்கிறது. வாசலில் நிற்கும் காவலன் ஒரு மாணவனிடம் பேசும் மாதிரியில் இரண்டு தேசங்களின் உறவே அடங்கியிருக்கிறது. கேள்வி கேட்கட்டும், அத்தாட்சி கேட்கட்டும், மரியாதையோடும் காலத்தோடும் கேட்கட்டும்.

நம் மாணவன் சென்ற பொங்கலுக்குத் தொலைபேசியில் பேசினான். அங்கே பனி கொட்டுகிறதாம். வகுப்பில் பேராசிரியர் கோர்வை நெசவைப் பற்றிக் கேட்டாராம். மற்ற மாணவர்களுக்கு இவன்தான் விளக்கினானாம். "அப்பாகிட்டே சொன்னீங்களா தம்பி?" என்றோம். "சொன்னேன் ஐயா. ஒண்ணும் பேசலே. ஆனா தறிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்னு போச்சு" என்றான்.

நாமும் இப்போது வகுப்பிலே அந்தப் பழைய பயமுறுத்தலைச் சொல்வதில்லை.